மாத்திரையும் பீடியும்

காசநோய், டி.பி. என்றெல்லாம் சொல்லப்படும் க்ஷயரோகத்தைப் பற்றி இன்று உலகம் அறிந்திருக்கும் விஷயங்களில் முக்கியமான இரண்டு, நம்முடைய சென்னைப் பட்டணத்தின் தெருக்களிலும் சந்துகளிலுமிருந்தே கற்றுக்கொள்ளப்பட்டவை. அவற்றில் முதலாவதை உலகம் இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டது. இரண்டாவதைக் காதில் போட்டுக்கொண்டதே தவிர மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. நோயாளி விழுங்கும் மாத்திரையைப் பற்றியது முதலாவது. அவனுடைய சட்டைப்பையில் அந்த மாத்திரைக்குப் பக்கத்திலேயே கிடக்கும் பீடிக் கட்டைப் பற்றியது இரண்டாவது.

முதலாவதன் கதை 1956-ஆம் வருஷத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பெல்லாம் டி.பி. என்று தெரிந்துவிட்டால், இடம் கிடைத்தவர்களை வீட்டைவிட்டுப் பிரித்து, மரங்களும் நல்ல காற்றும் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்க வைப்பதே வைத்திய சம்பிரதாயமாக இருந்தது. தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து ஸ்தாபித்த சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில் என்ற நிலையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை ராஜ்ய அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஒன்றுசேர்ந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியரின் தலைமையில், ஒரே விதமான மருந்துகளை ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு அவர்களுடைய நெருக்கடியான ஏழை வீடுகளிலும் ஒரு வருஷ காலம் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களோ அரைவயிற்றுக் கஞ்சியோடு வேலைக்கும் போனார்கள். ஆனாலும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர் என்றும், வீட்டிலேயே வைத்தியம் செய்துகொண்டதால் குடும்பத்தாருக்கு அதிகப்படியான ஆபத்து எதுவும் நேரவில்லை என்றும் 1959-இலும் அதையடுத்தும் வெளியான முடிவுகள், உலகமெங்கும் சானடோரியங்களின் கதவுகளை ஒவ்வொன்றாக மூட வைத்தன. அந்த நிலையமே இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

ஏழை தேசங்களுக்கு அது பெரும் விமோசனம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மகத்தான உண்மை வெளிப்படும்போது, அதன் நிழலில் வேறு சில உண்மைகள் மறைந்துவிடுவதும் உண்டு. மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஓய்வும் ஊட்டமும் காற்றும் அவ்வளவாக வேண்டியதில்லை என்று அந்தப் பரீட்சை காட்டியதைக் கொண்டு, மருந்தைத் தவிர நோயாளியின் வாழ்க்கையில் வேறொன்றையும் விசாரிக்க வேண்டியதில்லை என்ற மனோபாவம் காலப்போக்கில் வைத்திய உலகில் ஊறிவிட்டது. மாத்திரை போட்டானா, போடவில்லையா என்பதே கேள்வியாயிற்று. மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்த வாயில் அடுத்து என்ன வைத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்கள் மறுபடியும் சென்னைக்காரர்களே. டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ, டொரான்டோவின் பிரபாத் ஜா ஆகியோருடன், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவராகிய டாக்டர் தி.சா. கனகாவும் சேர்ந்து நடத்திய அந்த ஆராய்ச்சி 2003-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் தொண்ணூறுகளில் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய், அவர் எப்படி இறந்தார், உயிரோடிருந்த காலத்தில் பீடி சிகரெட் குடித்தாரா என்று மனைவியையும் மக்களையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உயிரோடிருக்கும் 35,000 ஆண்களையும் விசாரித்தார்கள். கணவனை இழந்த பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து சொன்ன விடைகளிலிருந்து திரண்டு வந்த கணக்கு ஆராய்ச்சியாளர்களையே திடுக்கிட வைத்திருக்கும். புகைபிடித்தவர்கள் க்ஷயத்தால் மாண்டது, புகைபிடிக்காதவர்கள் மாண்டதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். புகை என்றால் புற்றுநோய் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்தியாவின் ஆண் க்ஷயரோகிகளின் மரணத்தில் ஏறக்குறையப் பாதிக்குப் புகையே காரணம் என்றும், வருஷத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் உயிர்கள் இவ்வாறு போகின்றன என்றும், அவ்விதம் போனவர்களில் பாதிப் பேர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் ஐம்பதின் தொடக்கத்திலும் இருந்தவர்கள் என்றும் அவர்கள் எழுதினார்கள்.

அந்தப் பிராயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயசு அது. பையனைப் பத்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டுக் கூலிக்குப் போகிற வயசு.

இது பழைய கணக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. 2023-ஆம் ஆண்டில் உலகத்தில் 1 கோடியே 8 லட்சம் பேரை இந்நோய் புதிதாகப் பற்றியதாகவும், 12.5 லட்சம் பேர் இறந்ததாகவும், நோயாளிகளில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணித்தது. அந்த ஒரு வருஷத்துப் புதிய நோயாளிகளில் சுமார் 7 லட்சம் பேருடைய நோய்க்குப் புகைப்பழக்கத்தையே பொறுப்பாக்கியிருக்கிறது அதே ஸ்தாபனம்.

புகை எவ்வாறு இந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம்; ஏனெனில் காரணம் தெரியாத உபதேசம் காதோடு போய்விடும். ராபர்ட் காக் 1882-இல் கண்டு சொன்ன அந்தக் கிருமி, நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் கலந்து அடுத்தவர் மார்புக்குள் புகுகிறது. புகுந்தவுடன் நோய் வந்துவிடுவதில்லை. உலக ஜனத்தொகையில் கால்வாசிப் பேரின் தேகத்தில் இக்கிருமி எந்த உபத்திரவமும் இல்லாமல் அடங்கிக் கிடக்கிறது என்றும், அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே ஆயுளில் எப்போதாவது நோயாக வெடிக்கிறது என்றும் சொல்லுகிறார்கள். மற்றவர்களைக் காப்பது எது? சுவாசக் குழாயின் உட்சுவரில் ஓயாமல் அசைந்து தூசியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய மயிர்களும், அவற்றைத் தாண்டி உள்ளே வந்த கிருமியைச் சுவாசகோசத்தின் காற்றறைகளில் காத்திருந்து விழுங்கிச் சீரணிக்கும் அணுக்களுமே. புகை அந்த மயிர்களை முடமாக்குகிறது. விழுங்கும் அணுக்களையோ இன்னும் விசித்திரமான முறையில் கெடுக்கிறது.

இந்த விசித்திரத்தை விளக்கியவர், சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கையும், கேம்பிரிட்ஜில் க்ஷயரோகத்தையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவருமான லலிதா ராமகிருஷ்ணன். கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் சிறு வரிமீன் குஞ்சுகளின் உடலுக்குள் நோய் நடப்பதைப் நுண்ணோக்கியின் கீழ் நேராகவே பார்த்துவந்த அவருடைய குழுவினர், சீரணிக்க முடியாத பண்டங்களால் அடைபட்ட அணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்கு விரைந்து செல்ல முடியாமல் தேங்கிவிடுவதைக் கண்டார்கள். பிறகு புகைபிடிக்கும் மனிதர்களின் சுவாசகோசத்திலிருந்து அதே வகை அணுக்களை எடுத்துப் பார்த்தபோது, அவையும் புகைத் துகள்களை வயிறு முட்ட விழுங்கிவிட்டு, தலைச்சுமைக்காரன் ஓடத் திணறுவது போலத் திணறிக்கொண்டிருந்தன. 2016-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பைப் படிக்கும்போது, ஒவ்வொரு பீடியும் உள்ளே அனுப்புவது வெறும் விஷம் மட்டுமல்ல, நம்மைக் காக்க வேண்டிய காவற்காரனின் முதுகில் ஏற்றும் பாரமும்தான் என்பது விளங்கும்.

பீடி சிறியதாயிற்றே, சிகரெட்டைவிடச் சாதுவல்லவா என்ற எண்ணம் நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குள் இருக்கும் புகையிலைத் தூள் சிகரெட்டில் இருப்பதைவிடக் குறைவு என்பது மெய்தான். ஆனால் பீடி இலை, காகிதத்தைப் போல் தானே கனன்றுகொண்டிருப்பதில்லை. இரண்டு மூன்று நிமிஷம் சும்மா விட்டால் அணைந்துபோகும். அணையாதிருக்க வேண்டுமானால் விடாமல் ஆழமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டைவிட அதிகமாகவே மார்புக்குள் இறங்குகின்றன. சித்தாள் வேலைக்கும் மூட்டை தூக்கவும் போகிறவன், சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போடப் பசிக்கு மருந்தாகப் பற்றவைக்கிற பீடி, பசியை அடக்குவதோடு நிற்காமல் அவன் எடையையும் அரித்துவிடுகிறது. எடை குறைந்த தேகமோ க்ஷயத்துக்கு விருப்பமான இடம்.

இன்னொரு துர்ப்பாக்கியம், நோயைக் கண்டுபிடிப்பதிலேயே தாமதம் நேர்வது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சுவர்தோறும் எழுதியிருக்கிறார்கள். புகைபிடிப்பவனுக்கு இருமல் என்றைக்கு இல்லை? ‘பீடி இருமல்’ என்று அவனும் நினைக்கிறான், அவன் மனைவியும் நினைக்கிறாள். சளியில் இரத்தம் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. அதற்குள் சுவாசகோசத்தில் குழி விழுந்திருக்கும். சின்ன வீட்டில் கூடப் படுத்துறங்கிய குழந்தைகளும் மாதக்கணக்காக அதே காற்றைச் சுவாசித்திருப்பார்கள்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது, சிகிச்சை தொடங்கிவிட்டது. சாதாரண க்ஷயத்துக்கு ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. இவை அரசாங்கத்தில் இலவசம். ஊட்டத்துக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். முதல் சில வாரங்களில் நோயாளி பெரும்பாலும் பீடியைத் தொடுவதில்லை. தொட முடிவதில்லை என்பதே சரி. இழுத்தால் இருமல் பிடித்துக்கொள்ளும், நெஞ்சு வலிக்கும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைக் கண்டு மனத்தில் ஒரு பயமும் இருக்கும். ஆபத்து இரண்டாவது மாதத்தின் முடிவில் வருகிறது. சளி ‘நெகட்டிவ்’ என்று காகிதம் வருகிறது, எடை இரண்டு மூன்று கிலோ ஏறியிருக்கிறது, ருசி திரும்பிவிட்டது, ஒரு நாள் டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதும், பழைய சிநேகிதன் நீட்டும் பீடியைக் கை தானாக வாங்கிக்கொள்கிறது. மாத்திரை இனி எதற்கு என்ற அசட்டையும் அதே வாரங்களில்தான் தலைதூக்குகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காததே நம் வைத்திய ஏற்பாட்டின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

இதற்கும் நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. திருவள்ளூர் ஜில்லாவில் சிகிச்சை முடிந்து குணமானவர்கள் என்று எழுதப்பட்ட 503 பேரைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஒன்றரை வருஷம் விடாமல் பின்தொடர்ந்து பார்த்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களில் 62 பேருக்கு நோய் திரும்பவும் வந்துவிட்டது. மருந்தை ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களுக்கும், ஆரம்பத்திலேயே மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தவர்களுக்கும் திரும்பியது ஆச்சரியமில்லை. அவ்விரு காரணங்களையும் தனியே ஒதுக்கிக் கணக்கிட்டபோதும், புகைபிடிப்பவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் மற்றவர்களைப்போல் மூன்று மடங்காக நின்றது. முழுக் குணமடைந்தும் புகையை விடாதவர்களுக்கு வடுப்பட்ட சுவாசகோசத்தில் மூச்சுத்திணறல் நிரந்தரமாகிவிடுவது வேறு. மாடிப்படி ஏற முடியாத ‘குணமானவர்’களை எந்த ஜில்லா ஆஸ்பத்திரி வாசலிலும் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு புதிய சங்கதியும் குறுக்கிடுகிறது. பட்டணத்துக் கல்லூரிப் பையன்களிடமும் மென்பொருள் அலுவலக இளைஞர்களிடமும் பரவியிருக்கும் ‘வேப்’ என்கிற மின்சிகரெட்டைத்தான் சொல்கிறேன். இவர்களிலும் க்ஷயம் வருகிறவர்கள் உண்டு. ஏழைகளின் நோய் என்று நாம் பெயரிட்டதைக் கிருமி அறியாது. டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னதும், “இது புகையில்லை, வெறும் ஆவிதானே” என்று வேப்புக்கு மாறி, கட்டளையை நிறைவேற்றிவிட்டதாக அவர்கள் மெய்யாகவே நம்புகிறார்கள். அந்தப் பரிதாபகரமான நம்பிக்கையைக் கோபித்துக்கொள்ளாமல் விளக்க வேண்டும். நிகோடினையும் வாசனைப் பொருள்களையும் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் ஆகிய திரவங்களில் கலந்து, மின்கம்பியால் சூடாக்கி எழுப்பும் நுண்துளிப் படலமே அந்த ‘ஆவி’. எரியும் புகையிலையின் தார் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் க்ஷயரோகியின் மார்பில் தார் மட்டுமா எதிரி? கிருமியை விழுங்கும் அந்த அணுக்களின் மேல் இவ்வாவியின் சாரத்தைப் படவைத்துப் பர்மிங்ஹாம் விஞ்ஞானிகள் 2018-இல் சோதித்தபோது, அவற்றின் விழுங்கும் சக்தி குன்றியது. அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களை அவை அதிகமாகச் சுரந்தன. புகையே இல்லாமல் நிகோடினை மட்டும் தனியே எடுத்து அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஆராய்ந்தவர்கள், க்ஷயக் கிருமியை அடக்கும் திறனை அதுவே குறைக்கிறது என்று கண்டார்கள். 2019-இலும் அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 2,800 பேருக்கு மேல். 68 பேர் மாண்டார்கள். அதற்கு முக்கிய காரணம் கஞ்சாச் சத்துள்ள திரவத்தில் கலந்திருந்த ஒருவித வைட்டமின் எண்ணெய் என்று தெரியவந்தது. கள்ளச் சந்தையில் வாங்கும் திரவத்தில் என்ன கலந்திருக்கிறதென்று இங்கே யாருக்குத் தெரியும்? நம் நாட்டில் மின்சிகரெட்டு உற்பத்தியும் விற்பனையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றிலும் தடைசெய்யப்பட்டவை. முதல் குற்றத்துக்கே ஒரு வருஷம்வரை சிறையுண்டு. ஆகையால் இங்கே கிடைப்பது முழுவதும் கள்ளச் சரக்கே. ஏற்கனவே குழிவிழுந்து ஆறிவரும் சுவாசகோசத்தில் ஊற்றிப் பரீட்சித்துப் பார்க்க வேண்டிய திரவம் அதுவன்று.

விடுவது சுலபமா என்று கேட்பவர்களுக்கு, சுலபமன்று என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கைவிடத்தக்கதும் அன்று. தென் ஜில்லா ஒன்றின் அரசாங்க ஆஸ்பத்திரியில், மாத்திரை வாங்க வந்த ஐம்பது வயசுக் கொத்தனாரிடம் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

“மாத்திரை ஒழுங்கா போடுதீயளா, அண்ணாச்சி?”

“ஒரு நாள் விடல, தாயி.”

“பீடி?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “முன்ன ஒரு கட்டு. இப்பம் நாலஞ்சுதான். காலையில ஒண்ணு பத்த வைக்கலன்னா வெளிக்குப் போவ மாட்டேங்கு.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. “எந்திச்சதும் ரெண்டு டம்ளர் வெந்நி குடிங்க, தெருமுனை வரைக்கும் நடங்க. அதுக்கும் போவலன்னா என்கிட்ட சொல்லுங்க, அதுக்கும் மாத்திரை இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமையில இருந்து விட்டுருவமா? மதினிகிட்டயும் இன்னைக்கே சொல்லிருங்க” என்று சொல்லி, அந்த வெள்ளிக்கிழமைத் தேதியைச் சிகிச்சை அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த ஐந்து நிமிஷத்தின் மதிப்பை அயல்நாட்டு ஆராய்ச்சிகள் அளந்து காட்டியிருக்கின்றன. பாகிஸ்தானில் டி.பி. சந்தேகத்தோடு வந்த புகைபிடிப்பவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட பரீட்சையில், வழக்கமான யோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட ஆறு மாதம் புகையில்லாமல் இருக்கவில்லை. உட்காரவைத்து முறையாகப் பேசி, விடும் தேதி குறித்துக்கொடுத்தவர்களிலோ நூற்றுக்கு 41 பேர் இருந்தார்கள். வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் 2,472 க்ஷயரோகிகளைக் கொண்டு நடத்திய பெரிய பரீட்சையின் முடிவு 2020-இல் வந்தது. ஒரு சாராருக்குப் பேச்சோடு சைட்டிஸின் என்ற மாத்திரையும், மற்றவர்களுக்குப் பேச்சோடு வெறும் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆறு மாதம் புகையை விட்டிருந்தார். மாத்திரையால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் ஒன்றும் ஏற்படவில்லை. இதற்கென்று தனி மருந்து வாங்க வழியில்லாத நம்போன்ற தேசத்துக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. விட்டவர்களுக்குப் பலன் உண்டா என்றால், தாய்வான் தீவில் பல ஆயிரம் பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்தவர்கள், புகையை விட்டவர்களிடம் க்ஷய மரணம் நூற்றுக்கு 65 பங்கு குறைந்து, என்றுமே புகைக்காதவர்களின் நிலையை நெருங்கிவிட்டதாக 2010-இல் எழுதியிருக்கிறார்கள்.

இந்திய அரசாங்கமும் இதை அறியாமலில்லை. க்ஷயத் திட்டமும் புகையிலைத் தடுப்புத் திட்டமும் கைகோத்து நடக்க வேண்டும் என்று 2017-இலேயே ஒரு கூட்டு ஏற்பாட்டை வெளியிட்டது. ஒவ்வொரு நோயாளியின் புகைப்பழக்கமும் பதிவாகிறது. ஆனால் பல இடங்களில் ‘உண்டு’ என்று குறித்துக்கொள்வதோடு காரியம் நின்றுவிடுகிறது. கேட்டு எழுதியபின் ஒன்றும் செய்யாமலிருப்பது, கேளாமலே இருந்ததைவிடத் தீங்கானது. தான் புகைபிடிப்பது தெரிந்தும் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே, ஆகவே அது அவ்வளவு தோஷமில்லை போலும் என்று நோயாளி அர்த்தம் பண்ணிக்கொள்கிறான்.

வரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், மற்றப் புகையிலைப் பொருள்களுக்கு 40 சதவீதம் என்று தீர்மானித்துவிட்டு, பீடிக்கு மட்டும் 28-லிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு விடிந்ததுமுதல் இருட்டும்வரை பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பை நான் அறியாதவனல்லன். அவர்களுக்கு வேறு கௌரவமான வருமானம் தேடிக்கொடுக்க வேண்டியது ராஜாங்கத்தின் கடமை. அந்தக் கடமைக்குப் பதிலாக ஏழையின் மார்புக்குள் போகும் புகையை மலிவாக்குவது, ஒரு ஏழையின் கூலியை இன்னொரு ஏழையின் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

செய்யக்கூடியது நாளைக்கே தொடங்கக்கூடியதாக இருக்கிறது. 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசியில் புகையிலையை விட விரும்புகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லுகிறார்கள். மாத்திரை அட்டையோடு அந்த எண்ணையும் நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்கலாம். சளி ‘நெகட்டிவ்’ ஆனதைச் சொல்லும் இரண்டாவது மாத இறுதியில், வாழ்த்துச் சொல்லும் அதே மூச்சில் டீக்கடைச் சிநேகிதனைப் பற்றியும் எச்சரிக்கலாம். வீட்டில் மற்றொருவர் புகைபிடிப்பவராக இருந்தால் அவரையும் அழைத்துப் பேசலாம். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையின் மார்பில் போகும் புகை யாருடைய பீடியிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோயாளியை வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் தேசியத் திட்டத்தின் விதி. நோய் திரும்பியிருக்கிறதா என்று இருமலையும் காய்ச்சலையும் எடையையும் விசாரிக்கும் அந்த நான்கு தடவையும், “பீடி எப்படியிருக்கிறது?” என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டு, இருக்கிறதென்றால் மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தனுப்புவதற்குப் புதிய சட்டமோ புதிய பணமோ வேண்டியதில்லை.